இரவல் வாங்கிய பாட்டு

மலேசியாவின் பெக்கோக் போன்ற ஊர்களில் மேடைப் பாடகருக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு ஒன்றுதான்: “அண்ணே, அப்படியே கேசட்டுல கேட்ட மாதிரியே இருந்துச்சு.” கேசட் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, பாராட்டு மட்டும் சாகவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. தகரக் கூரைக் கொட்டகை. சிகாமட்டிலிருந்தோ குளுவாங்கிலிருந்தோ வேனில் வந்திறங்கிய இன்னிசைக் குழு. இளையராஜா பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழல் துணுக்கைக் கீபோர்டுக்காரர் கோட்டைவிட்டால், முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் சும்மா விடமாட்டார். இடைவேளையில் மேடையோரம் போய், “தம்பி, அங்க குழல் வருமே, காணோமே?” என்று கேட்டுவிட்டுத்தான் தே தாரேக் குடிக்கப் போவார்.

அறிவிப்பாளருக்கு இன்னொரு கடமை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் எந்தப் படம், யார் இசை, யார் எழுதியது, யார் பாடியது என்று சொல்லிவிட்டுத்தான் மைக்கைக் கைமாற்றுவார். மறந்துபோனால் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: “யாரு பாட்டு?”

இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. ஜெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு இறங்கும் ரயில் பாதையில் லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவில் கிடக்கிற ஊர் இது. சுற்றிலும் ரப்பர், பிறகு செம்பனை. அதற்கப்பால் எண்டாவ் ரொம்பின் காடு. கங்காணி காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டுக்கும் வெகுகாலம் பாலமாக இருந்தவை வானொலியும் இசைத்தட்டும்தான். பாட்டு ஒரு சுரமும் பிசகாமல் திரும்பி வந்தால், விட்டு வந்த வீட்டுக்கு வழி இன்னும் தெரியும் என்று அர்த்தம்.

ஆனால் அதே திருவிழாவில், அதே இரவில், சாமி ஊர்வலத்தின்போது வேறொரு நியாயம் நடக்கிறது. உறுமி மேளக் குழுப் பையன்கள் ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்கிவைப்பார்கள். நாலாவது வரிக்குள் பாட்டு மேளத்துக்குள் கரைந்துவிடும். தாளம் இரட்டிக்கும், சட்டென்று நிற்கும், எதிர்பாராத இடத்தில் திரும்பப் பிடிக்கும். காவடி எடுத்தவர் ஆட வேண்டும். பாட்டு அதற்கு ஒரு சாக்கு. மேடையில் பிசகக்கூடாத பாட்டு தெருவுக்கு வந்தால் பிசகியே ஆக வேண்டும்.

பிறர் பாட்டை எடுத்து வாசிக்கும் விஜய் ஐயரைத் தெருப்பக்கம்தான் சேர்க்க வேண்டும்.

ஐயர் என்றால் பெக்கோக்கில் கோயிலில் பூசை வைப்பவர். இவர் ஜாஸ் பியானோ வாசிப்பவர். அமெரிக்க இனப்பாகுபாட்டைப் பற்றி இத்தனை கூர்மையாக யோசிக்கும் ஒருவரின் பெயரில் சாதி நிற்பதைத் தமிழ் வாசகர் பார்க்காமல் தாண்ட முடியாது, பார்த்துவிட்டுத் தாண்டலாம். 1971இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில், தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். மூன்று வயதில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் வயலினை முறையாகக் கற்றார். பியானோவை யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை. வீட்டில் இருந்ததில் காதுக்கு எட்டியதைத் தட்டித் தட்டிப் பிடித்துக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். மேற்படிப்புக்கு இயற்பியல் மாணவராக பெர்க்லி போனவர், சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன், டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் ஆகியோரின் சகவாசத்தில் தடம் மாறினார். முதல் ஆல்பம் 1995இல் வந்தது. 2012இல் டௌன்பீட் இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் ஒரே ஆண்டில் ஐந்து பிரிவுகளில் முதலிடம். அடுத்த ஆண்டு மெக்ஆர்தர் நல்கை. 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர்.

1998இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பெக்கோக்கில் உட்கார்ந்து படித்தால் வேறு சுவை. மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசைகளை எடுத்துக்கொண்டு, தாளம் மூளைக்குள் ஓடும் வெறும் கணக்கல்ல, உடம்பு அறியும் விஷயம் என்று வாதிடுகிறது அது. ஓர் இசைத்தொடரின் நீளம் மூச்சோடு ஒட்டியது. அடிப்படை நடை இதயத் துடிப்போடும் காலடியோடும் ஒட்டியது. அதைவிட வேகமான பொடி அசைவுகள் பேச்சோடும் விரல்களோடும் ஒட்டியவை.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வற்றும். ஆகவே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் இறங்க வேண்டும். மரத்தடிக்கு நாலு எட்டு, நேற்றைய வெட்டில் ஒட்டிக் காய்ந்த பாலை இழுத்து எறிதல், சாய்வாகக் கத்தியை வைத்து மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்தல், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தல், அடுத்த மரம். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கொஞ்சம் மேலாகப் போனால் பால் வராது. நூற்றுக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றிலும் அதே ஆழம். அந்த அளவை மனம் கணக்குப் போடுவதில்லை, மணிக்கட்டு வைத்திருக்கிறது. ஐயரின் ஆய்வேடு ரப்பர் தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லைதான். ஆனால் அவர் பியானோவில் இடது கை செய்யும் வேலையைக் கவனித்தால், வேலை செய்து பழகிய உடம்பின் நிதானம் தெரியும்.

பிறர் பாட்டை எடுத்து வாசிப்பது ஜாஸில் புதிதல்ல. பெரும்பகுதி ஜாஸ் அப்படித்தான் வளர்ந்தது. பிராட்வே நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு, வானொலியில் அந்த வாரம் ஓடிய பாட்டு எல்லாம் சாக்ஸஃபோன்காரர் கைக்கு வந்து உருமாறியிருக்கின்றன. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ நாடகம் மேடையேறியது 1959இல். அடுத்த ஆண்டே ஜான் கோல்ட்ரேன் அதன் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாட்டை எடுத்து, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டி, மனதைத் தேற்றிக்கொள்ளும் ஒரு பாட்டை ஏறக்குறைய ஒரு தவமாக்கிவிட்டார். நம் பக்கத்தில் நாதஸ்வரக்காரர்கள் இந்த வேலையைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். நடு இரவு தாண்டிய ஊர்வலத்தில் யாரோ சினிமாப் பாட்டு கேட்பார்கள். வித்துவான் முகம் சுளிக்காமல் வாசிக்கத் தொடங்கி, அந்த மெட்டு எந்த ராகத்தின் பிள்ளையோ அந்த ராகத்திடம் அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அவரைக் ‘கவர்’ வாசிப்பவர் என்று யாரும் சொல்வதில்லை.

ஐயர் தேர்ந்தெடுக்கும் பாட்டுகளின் பட்டியலே ஒரு வாதம். 2005இன் ‘ரீஇமேஜினிங்’ ஆல்பத்தில் ஜான் லெனனின் ‘இமேஜின்’. 2009இன் ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் ஸ்டீவி வொண்டரின் ‘பிக் பிரதர்’. ஏழைகளின் தெருவை ஓட்டுக்காக எட்டிப்பார்க்கும் அதிகாரத்தைச் சாடும் 1972ஆம் வருடத்துப் பாட்டு. அதே ஆல்பத்தில்தான் ‘கலாங்’.

இங்கே கொஞ்சம் நின்று போகலாம். ‘கலாங்’ மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ.வின் பாட்டு. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப்பருவத்தைக் கழித்து, 1986இல் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். தகப்பன் அருளர், ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். மகளின் முதல் ஆல்பத்துக்குப் பெயரே ‘அருளர்’. ரோலண்ட் எம்.சி. 505 என்ற ஒரு தாளப் பெட்டியை வைத்துக்கொண்டு உருவான பாட்டு. 2003இல் முதலில் வெளியானபோது 500 பிரதிகள்தான் அச்சிட்டார்கள். மெட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. இயந்திர அடி, அதன்மேல் சந்தைக்கூச்சலும் சிறுமிகளின் கைதட்டு விளையாட்டும் கலந்த ஒரு குரல். அந்தச் சொல் ஜமைக்கப் பேச்சிலிருந்து வந்தது. ஜொகூர்க்காரர் காதில் வேறொன்று விழும்: சிங்கப்பூருக்குத் தெற்கே, ரியாவ் தீவுகளில் உள்ள கலாங் தீவு. வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களை 1979 முதல் 1996 வரை அங்கேதான் முகாமிட்டு வைத்திருந்தார்கள். தற்செயல்தான். ஆனாலும் ஓர் அகதிப் பெண்ணின் பாட்டுக்கு அகதித் தீவின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதை மறக்க முடியவில்லை.

மெட்டே இல்லாத பாட்டைப் பியானோவில் எப்படி வாசிப்பது? ஐயர் அடிக்கிறார். இடது கை பியானோவின் அடித்தளத்தில் இயந்திரத்தின் வேலையைச் செய்கிறது. வலது கை குரலின் கத்தலைக் கொத்துக் கொத்தான சுரங்களாக வெட்டிப் போடுகிறது. ஸ்டீஃபன் கிரம்ப்பின் பாஸ் அதே அடியைக் கீழிருந்து இடிக்கிறது. டிரம்ஸில் மார்கஸ் கில்மோர், ராய் ஹெய்ன்ஸ் என்கிற பெரும் டிரம்மரின் பேரன். இயந்திரம் அடிப்பதைப் போலவே தொடங்கி, இயந்திரத்தால் முடியாத இடங்களில் அடியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துகிறார். மூன்று நிமிடம்கூட இல்லை. ‘ட்ரையோ ரயட் வெர்ஷன்’ என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள், மூவர் கலகம் என்ற பொருளில். ஈழத்துத் தமிழ்ப்பெண் லண்டனில் கருப்பினத்தாரின் இசைக்குக் கடன்பட்டுச் செய்த பாட்டை, அமெரிக்கத் தமிழர் ஒருவர் கருப்பினத்தாரின் இன்னோர் இசைக்குக் கடன்பட்டு வாசிக்கிறார். இரண்டு தமிழர்களும் சந்தித்துக்கொள்ளும் இடம் தமிழ் இசை அல்ல. உலகத் தமிழ் மாநாடுகளில் இதைப் பற்றி யாராவது கட்டுரை வாசித்தால் கேட்கப் போகலாம்.

மைக்கேல் ஜாக்சனின் ‘ஹியூமன் நேச்சர்’ இதற்கு நேரெதிர். ஊரே முணுமுணுக்கிற மெட்டு. 1985இல் மைல்ஸ் டேவிஸ் அதை எக்காளத்தில் வாசித்துவிட்டார். ஐயர் 2010இல் தனியாகவும், 2012இன் ‘ஆக்சிலராண்டோ’வில் மூவராகவும் வாசித்தார். மூவர் வடிவத்தில் மெட்டு மேலே மென்மையாகப் போகும்போதே, கீழே தாளம் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறது. நொண்டுகிறதா, நடனமா என்று தீர்மானிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது.

இந்த நொண்டலுக்குப் பின்னால் கணக்கும் உண்டு. ‘ஹிஸ்டாரிசிட்டி’யில் வரும் ‘மிஸ்டிக் புரூ’, ரானி ஃபாஸ்டர் 1972இல் செய்த இசை; பிறகு ‘எ டிரைப் கால்டு குவெஸ்ட்’ என்ற ராப் குழு அதை வெட்டி ஒட்டி இளைஞர்களிடம் கொண்டுபோனது. ஐயர் அதன் தாளத்தைச் சமமில்லாத இரு துண்டுகளாகப் பிரித்து, ஃபிபொனாச்சி வரிசையின் அடுத்தடுத்த எண்களின் விகிதத்தில் அமைத்தார். அதை விளக்கி 2009இல் கார்டியன் நாளிதழில் எழுதினார். 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்தது வரும் வரிசை. ஃபிபொனாச்சியின் புத்தகம் 1202ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு முன்பே இந்திய யாப்பறிஞர்கள், ஹேமச்சந்திரர் உட்பட, குறிலும் நெடிலும் கலந்து ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணிப் பார்த்து இதே வரிசைக்கு வந்துவிட்டார்கள். செய்யுள் கணக்கு இத்தாலி போய், ராப் வழியாகப் பியானோவுக்குத் திரும்பியது என்று எழுத ஆசையாக இருக்கிறது; அப்படி நேர்க்கோடு எதுவும் இல்லை. உறுமிப் பையன்களுக்குக் கணக்கின் பெயர் தெரியாது, சமமில்லாத அடி கால்களை என்ன செய்யும் என்பது தெரியும்.

‘ஃப்யூஷன்’ என்ற சொல்லை ஐயர் விரும்பி எடுப்பதில்லை. சிதாரையும் சாக்ஸஃபோனையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, கடைசியில் எல்லாரும் சேர்ந்து வேகமாக வாசித்துக் கைதட்டு வாங்கும் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்குக் காரணம் புரியும். 2007இல், இந்திய விடுதலையின் 60ஆம் ஆண்டையொட்டிய நிகழ்ச்சிக்காக, மின்கித்தாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவோடும் தபலா கலைஞர் நிதின் மித்தாவோடும் சேர்ந்தார். 2011இல் ‘தீர்த்தா’ என்ற ஆல்பமாக அது வந்தது. பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். படித்ததை விட்டுவிட்டு வாசிக்க வந்தவர்கள் அவரும் ஐயரும். அந்த ஆல்பத்தில் யாரும் யாருக்கும் ‘இந்தியா’வைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூவரும் ஒருவர் தாளத்துக்குள் ஒருவர் பதுங்கி விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘கலாங்’கில் உள்ள ஆபத்து இதில் இல்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. 2001 ஏப்ரலில் ஈரானியத் திரைப்பட இயக்குநர் ஜாஃபர் பனாஹி, ஹாங்காங்கிலிருந்து தென்னமெரிக்கா போகும் வழியில் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கினார். கைரேகை தர மறுத்ததால் மணிக்கணக்கில் சங்கிலியால் கட்டி உட்காரவைத்து, விலங்கோடு திருப்பி அனுப்பினார்கள். விமானத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த சகபயணிகளிடம், நான் திருடன் இல்லை என்பதை எந்த மொழியில் சொல்வது என்று அவர் பிறகு எழுதிய கடிதத்தில் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியையே பெயராக வைத்து, கவிஞர் மைக் லாடோடு சேர்ந்து ஐயர் 2003இல் ‘இன் வாட் லாங்குவேஜ்?’ என்ற படைப்பைச் செய்தார். விமான நிலையத்தில் நிற்பவர்கள், துடைப்பவர்கள், சோதிக்கப்படுகிறவர்கள் ஆகியோரின் குரல்கள் அதில் வருகின்றன. 2013இல் இருவரும் சேர்ந்து செய்த ‘ஹோல்டிங் இட் டௌன்’ போரிலிருந்து திரும்பிய கருப்பின, சிறுபான்மைப் படைவீரர்களின் கனவுகளைப் பற்றியது. அதில் தன் வரிகளைத் தானே சொல்லும் லின் ஹில், லாஸ் வேகாஸ் அருகே ஒரு தளத்திலிருந்தபடி ஆஃப்கானிஸ்தான் வானத்தில் ஆளில்லா விமானப் பணியில் இருந்தவர். வேலை முடிந்து வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகிற தூரத்தில் போர். இந்தப் பகுதியில் பியானோ ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்கிறது. ஒதுங்கத் தெரிந்திருப்பதும் வாசிப்புதான்.

2014இல் யேலில் படித்த ஆசிய-அமெரிக்கப் பழைய மாணவர்களிடையே ஐயர் ஆற்றிய உரை, இசையைவிட அதிகமாகச் சிலரைச் சங்கடப்படுத்தியிருக்கும். வெற்றிபெற்ற ஆசியர்கள் என்று தட்டிக்கொடுக்கப்படுகிற நாம் இந்த நாட்டின் எந்த அநீதிகளுக்குத் துணைபோகிறோம் என்று அவர் கேட்டார். இந்திய மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். அந்தச் சட்டம் கருப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி நடத்திய உரிமைப் போராட்டத்தின் பின்னணியில் வந்தது. விசாவில் முத்திரை குத்திய கை வேறு, அதற்கு விலை கொடுத்த கை வேறு.

பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சென்னைக் கதையும் இருக்கிறது. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் காலத்தில் அந்தக் கடற்கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து அதே கடற்கரையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலாயாவுக்கு ஆள் ஏற்றினார்கள். முதலில் ஒப்பந்தம், பிறகு கங்காணி. 1938இல் இந்திய அரசு தடை போட்டதோடு அந்தக் கங்காணி ஆள்சேர்ப்பு நின்றது. ஆக ‘புலம்பெயர்ந்த தமிழர்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, பெக்கோக்கின் தோட்ட லயத்துக்கு வந்தவரும் ஐயர் வளர்ந்த ராச்செஸ்டரின் புறநகர் வீட்டுக்கு வந்தவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள் அல்ல. ஐயரின் உரையை மலேசியத் தமிழர் படிக்கும்போது அவருக்குப் பக்கத்திலும் நிற்கலாம், எதிரிலும் நிற்கலாம்.

இனி ஒரு சந்தேகம். ஐயரின் இசையில் பெரும்பகுதிக்குச் சொற்கள் இல்லை. சொல்லில்லாத இசை எப்படி அரசியல் பேசும்? 2021இல் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அனீஸி’ ஆல்பத்தின் முதல் உருப்படி ‘சில்ட்ரன் ஆஃப் ஃபிளின்ட்’. மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் 2014இல் செலவைக் குறைக்கக் குடிநீருக்கு ஆற்றை மாற்றினார்கள். குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் உடம்புக்குள் போனது. தலைப்பை மறைத்துவிட்டு இந்த இசையைக் கேட்டால் அழகான, கொஞ்சம் துயரமான ஒரு வாசிப்பு என்றுதான் படும். ஈயம் காதில் விழாது. நல்ல ஒலியமைப்பு உள்ள அரங்கில், நல்ல சம்பளக்காரர்கள் முன்னால், தலைப்பு மட்டும் போராடிக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றிவிடும்.

அந்தத் தோற்றம் முழு உண்மை இல்லை. 1963 செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஒரு கருப்பினத் தேவாலயத்தில் குண்டுவைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். நவம்பரில் கோல்ட்ரேன் ‘அலபாமா’ வாசித்தார். அதிலும் ஒரு சொல் இல்லை. அறுபது ஆண்டுகளாக அதை யாரும் வெறும் மெல்லிசையாகக் கேட்டதில்லை. தலைப்பும் இசையும் ஒன்றோடொன்று பழகிப்போக வருடங்கள் ஆகும்போலிருக்கிறது. ஃபிளின்ட்டுக்கு இன்னும் அத்தனை வருடம் ஆகவில்லை.

‘அனீஸி’யிலேயே இன்னோர் உருப்படிக்கு இந்தச் சந்தேகம் பொருந்தாது. 2014 ஜூலையில் நியூயார்க்கில் எரிக் கார்னர் என்பவரைப் போலீஸ்காரர் கழுத்தை இறுக்கிக் கொன்றார். மூச்சு முட்டுகிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்த டிசம்பரில் புரூக்ளின் அகாடமி ஆஃப் மியூசிக் அரங்கில், நடனக் கலைஞர்கள் பிணங்களைப் போல மேடையில் கிடக்க, ஐயர் வாசித்தது ‘காம்பாட் பிரீதிங்’. ஆக்கிரமிக்கப்பட்ட மனிதரின் மூச்சே ஒரு சண்டை என்ற பொருளில் ஃபிரான்ஸ் ஃபனோன் எழுதிய தொடர் அது. ஆய்வேட்டில் மூச்சைத் தாளத்தின் நீள அளவாகப் பார்த்த மனிதர், பதினாறு ஆண்டு கழித்து மூச்சை நிறுத்தப்பட்டவருக்காக வாசிக்கிறார். பின்னர் ஆல்பத்தில் அதை வாசிக்கும் மூவரில் பாஸ் கலைஞர் லிண்டா மே ஹான் ஓ. மலேசியாவில் சீனக் குடும்பத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர். டிரம்ஸில் டைஷான் சோரி. இசையமைப்புக்காக 2024இல் புலிட்சர் வாங்கியவர். லிண்டாவின் பாஸ் இங்கே ஓடுவதில்லை. ஊன்றி, நின்று, மறுபடி ஊன்றுகிறது. சந்தேகத்தை ஊறப்போட்டவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது கேட்க வேண்டும்.

மலேசியாவுக்குள் இப்படியொரு மரபு இல்லையா என்றால், துண்டு துண்டாக உண்டு. டிரம்மர் லூயிஸ் பிரகாசம் 1979இல் தொடங்கிய ‘ஆசியாபீட்’ குழு மலாய், சீன, இந்தியத் தாளக் கருவிகளை ஜாஸோடு உட்காரவைத்தது. பினாங்கின் டேவிட் ஆறுமுகமும் தம்பி லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ குழுவில் பிறர் பாட்டில் தொடங்கி மலாய் பாப்பின் உச்சிக்குப் போனார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பாடிய மலாய்ப் பாட்டுகளை இன்றும் மலாய்க் கல்யாண வீடுகளில் கேட்கலாம். மூவார்க்காரரான ஜைனல் அபிடின் 1990களின் தொடக்கத்தில் ‘ஹிஜாவ்’ என்று காடழிவதைப் பற்றிப் பாடினார். தெமுவான் பழங்குடியைச் சேர்ந்த மாக் மீனாவின் குரலைச் சுற்றி இசை கட்டிய ‘அகார் உம்பி’ குழு, 1998இல் சரவாக்கின் மழைக்காட்டு இசைவிழாவில் மேடையேறியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். ஆல்பம் 2002இல்தான் வந்தது. பெக்கோக்கிலிருந்து செலாய் வழியாகக் காட்டுக்குள் போகும் பாதையில் ஜாக்குன் பழங்குடி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பாட்டை யார் எடுத்து என்ன செய்தாலும், மேடையில் அறிவிப்பாளர் முதலில் சொல்ல வேண்டியது இன்னாருடையது என்பதைத்தான்.

ஐயரின் ஆல்பங்களில் அந்த அறிவிப்பாளர் எப்போதும் இருக்கிறார். 2024இன் ‘கம்பாஷன்’ ஆல்பத்தில் ஸ்டீவி வொண்டரின் ‘ஓவர்ஜாய்டு’ இருக்கிறது, ராஸ்கோ மிட்செல்லின் ‘நோனா’ இருக்கிறது. ‘இட் கோஸ்’ என்ற உருப்படி, 1955இல் பதினான்கு வயதில் கொல்லப்பட்ட எம்மெட் டில் இன்று கிழவராக உயிரோடு இருந்தால் எப்படி இருப்பார் என்று கற்பனை செய்யும் ஈவ் யூயிங்கின் கவிதைக்குத் துணையாகச் செய்தது. ஆல்பத்தில் கவிதை இல்லை, இசை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

2025இல் எக்காளக் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தோடு வெளியிட்ட ‘டிஃபையன்ட் லைஃப்’ ஆல்பத்தில் ஐயர் செய்த உருப்படியின் பெயர் ‘கைட்’, பட்டம். காஸாவின் கவிஞரும் ஆங்கிலப் பேராசிரியருமான ரெஃபாத் அலரீருக்கு அது சமர்ப்பணம். தான் செத்துப்போனால் ஒரு பட்டம் செய்யும்படி கேட்கும் கவிதையை எழுதியவர் அவர். 2023 டிசம்பரில் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். ஜொகூர்க்காரர்களுக்குப் பட்டம் தெரியும். பாசிர் கூடாங்கின் உலகப் பட்டத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்கள் பெக்கோக்கிலும் இருப்பார்கள். இசையில் அவசரமே இல்லை. எக்காளம் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது, விசைப்பலகை அதற்குக் கீழே நூலை விடுவதைப் போல விட்டு விட்டு வருகிறது. இதை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினால் குழல் எங்கே என்று கேட்கமாட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கைப்பேசியைப் பார்த்துக் கேட்பார்: “யாரு பாட்டு தம்பி இது?”